உழைத்த காலத்துச் சோறும் ஓய்ந்த காலத்து உடலும்

கிழக்கிலங்கையின் கரையோரப் பெருந்தெருவில் கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்பவர், கல்முனைக்குடியைத் தாண்டியதும் சாய்ந்தமருதை அடைகின்றார். அதற்கப்பால் மாளிகைக்காடு, அதனையடுத்து விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு. ஊரின் கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே நெல்வயல்; இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் சுவரோடு சுவர் உரசி நிற்கின்றன. இவ்வூரின் உணவை வகுத்தது இந்த நிலவமைப்பே எனலாம். கடல் மீனைத் தந்தது. வயல் அரிசியைத் தந்தது. தென்னை பாலையும் எண்ணெயையும் தந்தது. மேய்ச்சல் தரையின் எருமை சட்டித் தயிரைத் தந்தது. முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் சாய்ந்தமருதின் முதியோர், தம் பாட்டன்மார் உண்ட உணவையே பெரும்பாலும் இன்றும் உண்கின்றனர். ஆயினும், சீனி வருத்தம் என ஊரார் வழங்கும் நீரிழிவும், இரத்த அமுக்கமும், அதன் வழிவரும் பாரிசவாதமும் இன்று வீட்டுக்கு வீடு கேட்கும் சொற்களாகிவிட்டன. அன்று உடலை வளர்த்த சோறு இன்று ஏன் உடலை வருத்த வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பேயாகும்.

இக்கேள்வியை முதியவர்களே எழுப்புகின்றனர். கிளினிக்கிலிருந்து திரும்பிய தந்தையின் தட்டில் மகள் ஓர் அகப்பைச் சோற்றைக் குறைத்து வைக்கும்பொழுது, இத்தகைய வீடுகளில் எழக்கூடிய மறுமொழி ஒன்றுண்டு. "இவ்வளவு காலமும் திண்ட சோறுதானே மகள், இப்ப மட்டும் என்ன செய்யப்போகுது?" இதனை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. அவர் சொல்வதில் உண்மை இருக்கின்றது. ஆனால் பாதி உண்மைதான். சோறு அதே சோறாக இருக்கலாம். அதனை உண்பவர் அதே மனிதர் அல்லர்.

அவருடைய இளமைக்காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். மேற்கேயுள்ள வட்டைக்கு அவர் விடியுமுன் நடந்தே சென்றார். வரம்பு கட்டினார், உழுதார், விதைத்தார், களை பிடுங்கினார். வெள்ளாண்மை முற்றிய காலத்தில் வாடியிலே இரவு தங்கிக் காவல் காத்தார். வெட்டிய கதிரைச் சூடாக அடுக்கி, எருமைகளைப் பிணைத்து மிதிப்பித்து, நெல்லைத் தூற்றி மூட்டை கட்டினார். 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் சேனாநாயக்க சமுத்திரத்து நீர் இப்பகுதி வயல்களுக்குப் பாய்ந்தபோது, பெரும்போகத்தோடு சிறுபோகமும் வலுப்பெற்றது. உழைப்பும் அதற்கேற்பப் பெருகியது. கடற்றொழிலாளியின் நிலையும் இதுவே. கரைவலையின் கயிற்றைத் தோளிலும் இடுப்பிலும் ஏற்றி மணலில் காலூன்றிப் பின்னோக்கி இழுப்பது, உடலின் ஒவ்வொரு தசைநாரையும் வேலை வாங்கும் தொழிலாகும். பெண்கள் வீட்டிலிருந்தனர் என்று சொல்லப்படுவதும் ஒரு பேச்சுக்குத்தான். நெல்லை அவித்துக் காயவைத்து உரலிலிட்டுக் குற்றியவர்கள் அவர்கள். கிணற்றிலிருந்து நீர் இறைத்தவர்களும், பன்புல்லை வார்ந்து பாய் இழைத்தவர்களும் அவர்களே.

அந்த உழைப்புக்கு மூன்று வேளைச் சோறு மிகையன்று. பல வீடுகளில் அது போதாமலும் இருந்தது. ஒரு கோப்பைச் சோறு உடலுக்கு ஏறக்குறைய 200 கலோரி வெப்பத்தைத் தருகின்றது. சாதாரண நடையில் அதனைச் செலவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். வயலில் நாள் முழுதும் நின்றவர் நான்கைந்து கோப்பைகளின் வெப்பத்தை மாலைக்குள் செலவழித்துவிட்டார். இன்று உழவு இயந்திரம் உழுகின்றது. அறுவடை இயந்திரம் அறுத்து, அடித்து, மூட்டைக்குத் தயாராக நெல்லைக் கொட்டுகின்றது. வயலுக்கு மோட்டார் சைக்கிளிலும் பள்ளிவாசலுக்கு முச்சக்கர வண்டியிலும் போக முடிகின்றது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை கரையோர வீடுகளை அழித்தபின், கடலை வாசலாகக் கொண்டிருந்த குடும்பங்கள் பல புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. தோணியடிக்குத் தினமும் நடந்த கால்களுக்கு அந்த நடையும் இல்லாமற் போயிற்று. வருவாய்க் கணக்கு அப்படியே இருக்க, செலவுக் கணக்கு மட்டும் குறைந்துவிட்ட வீட்டில் பணம் சேரும். உடலில் சேர்வதோ கொழுப்பு. அது வயிற்றைச் சுற்றிச் சேரும்பொழுது, கணையம் சுரக்கும் இன்சுலின் என்னும் சாறு தன் தொழிலைச் சரிவரச் செய்ய இயலாமற் போகின்றது. இரத்தத்தில் சீனி தேங்குகின்றது. முதுமையில் தசை இயல்பாகவே மெலிவதால் நிலைமை மேலும் இறுகுகின்றது. ஏனெனில், உண்ட சோற்றின் சீனியை வாங்கிக்கொள்ளும் பெரிய களஞ்சியம் தசையேயாகும்.

சோற்றின் அளவு மாத்திரமன்றி அதன் வகையும் மாறியுள்ளதைக் கவனிக்க வேண்டும். உரலில் குற்றிய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலையில் நன்கு தீட்டிய அரிசியில் அது இல்லை. தவிட்டை இழப்பதன் தீமையை உலகம் முதலில் அறிந்தது நம் கடலுக்கு அப்பாலுள்ள ஜாவாத் தீவில். அங்கே 1890களில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். பெரிபெரி என்னும் நோயின் காரணம் அவ்வழியே வெளிப்பட்டது. 1929இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நெல்லை அவித்துக் குற்றும் நம் பழக்கம் இவ்விடத்தில் பெரிதும் உதவிற்று. அவிக்கும்பொழுது தவிட்டிலுள்ள விற்றமின்களில் ஒரு பங்கு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. புழுங்கலரிசிச் சோறு, பச்சரிசிச் சோற்றைவிடச் சற்று மெதுவாகவே இரத்தச் சீனியை உயர்த்தும் என்பதும் அறியப்பட்டுள்ளது. ஆகவே, வீட்டில் அரிசி வாங்குபவர் வெண்மையைப் பார்த்து மயங்காமல், குறையத் தீட்டிய சிவப்பு நாட்டரிசியைப் புழுங்கலாக வாங்குவாரானால் அது நல்ல தொடக்கமாகும். ஆயினும், சிவப்பரிசி என்பதற்காக இரண்டு மடங்கு உண்ணலாம் என்று எண்ணுவோரும் உளர். அளவை மறந்தால் வகையினால் பயன் இல்லை.

அரிசிக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இங்கே சிந்திக்கத் தக்கது. சென்னை ஆய்வாளரும் பங்குகொண்ட அவ்வாய்வு 21 நாடுகளில் 132,373 பேரை ஏறக்குறைய ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. நாளொன்றுக்கு 450 கிராமுக்குக் குறையாமல், அதாவது மூன்று கோப்பைக்குக் குறையாமல், வெள்ளைச் சோறு உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட நீரிழிவு அதிகமாகத் தோன்றியது. இந்தத் தொடர்பு தென்னாசியாவில் மிக வலுவாக இருந்தது. சீனத்திலோ குறிப்பிடத்தக்க அளவில் காணப்படவில்லை. அங்குள்ளோர் உண்ட சோறு சராசரியாக 200 கிராம் அளவு. தென்னாசியர் உண்டதோ 630 கிராம் அளவு. சீனரும் சோறுண்ணும் மக்களே. ஆனால் அவர்களுடைய உணவில் சோறு பலவற்றுள் ஒன்று. நம் உணவிலோ சோறே உணவு, மற்றவை அதனை விழுங்குவதற்கான துணை. மொழியே இதற்குச் சான்று. 'சாப்பிட்டீர்களா' என்று கேட்பதற்குப் பதிலாக 'சோறு திண்டாச்சா' என்றுதான் கேட்கின்றோம்.

சீனத்தை இங்கே எடுத்துக்காட்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. முதுமையை நோக்கிச் செல்லும் மக்களின் உணவையும் நடையையும் மாற்றினால் என்ன நேரும் என்பதை, மிக நீண்ட காலம் பொறுத்திருந்து பார்த்த நாடு அது. அந்நாட்டின் வடகிழக்கே எண்ணெய் எடுக்கும் நகரமாகிய தாச்சிங்கில், 1986ஆம் ஆண்டில் ஒரு சோதனை தொடங்கிற்று. நீரிழிவு இன்னும் வராதவர், ஆனால் இரத்தச் சீனி இயல்பைவிட உயர்ந்து நிற்பவர் என 577 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் சென்ற 33 மருத்துவ நிலையங்களையும் நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாடும், ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சியும், மற்றொரு பிரிவினருக்கு இரண்டும் கற்பிக்கப்பட்டன; எஞ்சிய பிரிவினர் வழக்கம்போல் விடப்பட்டனர். ஆறு ஆண்டுகளில், வழக்கம்போல் விடப்பட்டோரில் மூன்றில் இரண்டு பங்கினர் நீரிழிவுக்கு ஆளாயினர். மற்றைப் பிரிவுகளில் பாதிக்கும் குறைவானோரே ஆளாயினர். சோதனை அத்துடன் முடிந்தது. ஆனால் ஆய்வாளர்கள் அவர்களை மறந்துவிடவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, கற்பிக்கப்பட்டவர்களிடத்தில் நீரிழிவு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் பிந்தியே வந்திருந்தது. இறப்பு நாலில் ஒரு பங்களவு குறைந்திருந்தது. ஆயுள் சராசரியாக ஓராண்டும் ஐந்து மாதமும் நீண்டிருந்தது. 2019இல் வெளியான இம்முடிவில் விந்தை மருந்து எதுவும் இல்லை. சற்றுக் குறைந்த உணவு, சற்றுக் கூடிய நடை, ஆறு ஆண்டுகள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்த மருத்துவ நிலையம், இவ்வளவே.

நம் நாட்டின் கணக்கு என்ன? 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, இலங்கையில் இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு உண்டெனக் கூறிற்று. அதுவே பல ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் அந்த ஆய்வு நடந்தது ஒன்பது மாகாணங்களுள் ஏழில் மாத்திரமே. போர்ச்சூழலால் வடக்கும் கிழக்கும் விடுபட்டன. அதாவது, சாய்ந்தமருதின் தட்டை அந்தக் கணக்கு பார்க்கவேயில்லை. பின்னர் 2018, 2019இல் நாடு முழுவதற்குமாக நடந்த சுகாதார, முதுமை ஆய்வு வேறு கதையைச் சொல்லிற்று. வளர்ந்தோரில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு. அவர்களைத் தவிர இன்னும் நூற்றுக்கு 30 பேர் அதன் வாசலில் நிற்கின்றனர். ஊரில் வீட்டுக்கு வீடு இந்தச் சொல் கேட்பதில் வியப்பில்லை.

இனி அடுப்படிக்குப் போகலாம். கிழக்குக் கரையோரத்தில் திருமணமாகும் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மணமகன் பெண்ணின் வீட்டுக்கே வந்து வாழ்கின்றார். ஆகவே முதிய பெற்றோர் மகளோடோ மகளின் வீட்டுக்கு அருகிலோ வாழ்வது பெருவழக்காக உள்ளது. இது முதியோருக்குக் கிடைத்த பெரும்பேறு. தனிமையில் வாடும் முதியோர் பெருகிவரும் உலகில் இந்த ஏற்பாட்டின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதன் மற்றொரு விளைவு, முதியவரின் உணவைத் தீர்மானிப்பவர் முதியவர் அல்லர், மகளே என்பதாகும். கிளினிக்கில் மருத்துவர் தந்தைக்குச் சொன்ன புத்திமதி, அடுப்படியில் நிற்கும் மகளின் காதுக்கு எட்டாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். மகளுக்கோ வேறு இக்கட்டு. பேரப்பிள்ளைகளும் மருமகனும் உண்ணும் பானையிலிருந்தே தந்தைக்கும் போட வேண்டும். தந்தைக்குக் குறைத்துப் போட்டால் அயலார் என்ன நினைப்பர் என்ற கூச்சமும் உண்டு. விருந்துகளில் நிலைமை இன்னும் கடினம். சஹன் என்னும் பெருந்தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும்போது யார் எவ்வளவு உண்டார் என்பதை எவரும் அளக்க முடியாது. அளப்பது அந்த அமர்வின் அழகுக்கும் பொருந்தாது. ஆகவே கல்யாண வீட்டுச் சஹனை விட்டுவிட்டு, வீட்டின் அன்றாடத் தட்டில் கண் வைப்பதே புத்தி. ஆண்டில் இருபது விருந்தினால் வரும் தீமையை விட, முந்நூற்று நாற்பது சாதாரண நாட்களின் மிகையே பெரிது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும் விட்டு, எஞ்சியதை மூச்சுக்கு ஒதுக்கும் போதனையை இவ்வூரில் அறியாதவர் இல்லை. சீன முதியோரும் பத்தில் ஏழு பங்கு நிறைந்ததும் கையெடுப்பதை நல்வழக்கமாகக் கொள்வர்.

செய்யக்கூடியது எளிது. அதே தட்டில் சோற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அவ்விடத்தைக் கீரையாலும் மரக்கறியாலும் நிரப்புதல். முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை ஆகியவை இம்மண்ணுக்கு அந்நியமல்ல. வல்லாரைச் சம்பலும் முருங்கையிலைச் சுண்டலும் முன்னோர் அறிந்தவையே. மீனைக் குறைக்க வேண்டியதில்லை. ஒருவேளை கூட்ட வேண்டியும் இருக்கலாம். அதனைப் பின்னர்ப் பார்ப்போம். எண்ணெயில் பொரித்த மீனை விடக் குழம்பிலிட்ட மீன் மேலானது. குழம்பில் தேங்காயின் முதற்பால் கொஞ்சம் குறைந்தால் சுவை கெட்டுவிடாது.

உப்பின் கதை சற்றே விரிவாகச் சொல்லத் தக்கது. கருவாடும் மாசியும் கடலோர மக்களின் சேமிப்பு உணவு. கடல் கொந்தளித்து மீன் கிடைக்காத மாரிகாலத்தில் கறிச்சட்டிக்கு உயிர் கொடுத்தவை அவையே. வெயிலில் வியர்வை சிந்திய உடல் உப்பை இழந்தது. ஆகவே உப்பை ஏற்றது. நிழலில் அமர்ந்திருக்கும் முதிய உடல் உப்பைத் தேக்குகின்றது. உப்பு நீரைத் தேக்குகின்றது. இரத்த அமுக்கம் உயர்கின்றது. ஒரு நாள் மூளையின் இரத்தக்குழாய் ஒன்று அடைபடுகின்றது அல்லது வெடிக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்கின்றது. அஃது ஒரு தேக்கரண்டி அளவாகும். கறியில் இட்டதும், கருவாட்டில் இருப்பதும், பாணிலும் கடைத் தீன்பண்டத்திலும் மறைந்திருப்பதும் சேர்ந்த கணக்கு அது. அளந்து பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதமொன்றுக்கு 750 கிராம் உப்புக்கு மேல் செலவானால், கருவாட்டைக் கணக்கில் எடுக்காமலேயே எல்லை கடந்துவிட்டது.

இங்கும் சீனக் கிராமங்களின் அனுபவம் உதவுகின்றது. நம்மைப்போலவே அங்கும் உப்பின் பெரும்பங்கு கடையில் அன்றி வீட்டு அடுப்பில்தான் சேர்கின்றது. அந்நாட்டின் 600 கிராமங்களில், பாரிசவாதம் ஒருமுறை கண்டவர்களும், அறுபது வயதைத் தாண்டிய இரத்த அமுக்க நோயாளருமாக 20,995 பேர் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு; மற்றப் பாதிக்கு, நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் உப்புக் கலந்த மாற்று உப்பு. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் சென்றபின், மாற்று உப்புக் கிராமங்களில் பாரிசவாதம் நூற்றுக்கு 14 பங்கும், இறப்பு நூற்றுக்கு 12 பங்கும் குறைந்திருந்தன. 2021இல் இது வெளியாயிற்று. கவனிக்க வேண்டியது, அவர்கள் எவரும் இளைஞரல்லர். சராசரி வயது 65. வயது போய்விட்டது, இனி மாற்றி என்ன பயன் என்பவருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி கிடைப்பது அரிது. ஆயினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கும், சில வகை இரத்த அமுக்க மாத்திரைகளை உட்கொள்பவர்க்கும் பொட்டாசியம் ஆபத்தாகும். மருத்துவரைக் கேளாமல் அந்த உப்பை வாங்குதல் கூடாது. சாதாரண உப்பையே குறைப்பதற்கோ யாரையும் கேட்க வேண்டியதில்லை. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் அதன் உப்பில் ஒரு பங்கு போய்விடும். நாவைப் பழக்கக் கொறுக்காப்புளியும் தேசிக்காயும் மிளகும் உள்ளன. சீனரின் ஒருவகை உப்புமீன் மூக்கின் பின்புறத்துப் புற்றுநோய்க்குக் காரணமென நிறுவப்பட்டுள்ளதைக் கேள்வியுற்றுச் சிலர் நம் கருவாட்டையும் அஞ்சுவர். அந்த முடிவு அவர்களுடைய தயாரிப்பு முறையைப் பற்றியது; நம் கருவாட்டில் அஞ்ச வேண்டியது உப்பையே.

தேத்தண்ணீரைப் பற்றியும் கூற வேண்டும். தேயிலையில் குற்றமில்லை. சீனர் சீனியில்லாமல் குடிப்பதும் அதே இலையைத்தான். நாளொன்றுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி எனக் கொண்டால் 40 கிராமுக்கு மேலாகின்றது. உலக சுகாதார நிறுவனம் விரும்பும் அளவோ 25 கிராம். வருவோர்க்கெல்லாம் தேத்தண்ணீர் ஊற்றுவதும், ஊற்றியதைக் குடிப்பதும் மரியாதையென்று கருதும் ஊரில், ஐந்து கோப்பை என்பது அடக்கமான கணக்கே. ஒரே நாளில் சீனியை நிறுத்தச் சொன்னால் எவரும் கேளார். வாரத்துக்கு அரைக்கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு அறியாமலே பழகிவிடும்.

வெற்றிலையை விரைவாகச் சொல்லி முடிக்கலாம். புகையிலை சேர்ந்தால் மட்டுமே தீங்கு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது தவறு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான உலக நிறுவனம் பாக்கையே புற்றுநோய் விளைவிக்கும் பொருளென 2004இல் வகைப்படுத்திவிட்டது. வாயில் ஆறாத வெண்படலமோ புண்ணோ இருக்குமாயின் உடனே காட்ட வேண்டும்.

நோன்பு மாதம் இவ்வூரின் முதியோருக்கு ஆண்டின் தலையாய மாதம். நீரிழிவுள்ளவர் நோன்பு நோற்பது குறித்து 2001இல் 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட முஸ்லிம் நோயாளரிடம் நடந்த ஆய்வு, முதுமையில் வரும் வகை நீரிழிவுள்ளோருக்கு அம்மாதத்தில் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது ஏழரை மடங்காகியதைக் கண்டது. சீனி ஏறுவதையே அஞ்சிப் பழகியவர்கள் சீனி இறங்குவதை அறிந்துகொள்வதில்லை. கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் ஆகியவற்றைப் பசியென்று எண்ணிப் பொறுத்துக்கொள்கின்றனர். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையைப் பயன்படுத்தத் தயங்குவோரும் பலர். நோன்பு தொடங்குவதற்கு ஓரிரு மாதம் முன்னரே மருத்துவரிடம் சென்று, தமக்கு நோன்பு தகுமா என்பதையும், தகுமாயின் மாத்திரையின் நேரமும் அளவும் எவ்வாறு மாற வேண்டுமென்பதையும் கேட்டறிவது உத்தமம். மாத்திரையைத் தாமே நிறுத்துவதும், எல்லாவற்றையும் ஸஹரில் ஒன்றாக விழுங்குவதும் இரண்டும் கேடே. மாலையில் பேரீச்சம்பழமும் ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியும் போதிய நிறைவைத் தருவன. அவற்றுக்குப் பின் வரும் சமோசா, ரோல்ஸ், சர்பத் ஆகியவற்றின் வரிசையே பகல் முழுதும் காத்த பயனை ஒரு மணி நேரத்தில் கரைத்துவிடுகின்றது.

இதுவரை கூறியவையெல்லாம் மிகையுண்போரைப் பற்றியவை. இதே ஊரில், இதே வீதியில், மறுபுறமாக மெலிந்துபோகும் முதியோரும் உளர். அவர்களைப் பெரும்பாலும் எவரும் கவனிப்பதில்லை; ஏனெனில் மெலிவு முதுமையின் இயல்பென்று எண்ணப்படுகின்றது. பல் விழுந்த மூதாட்டி இறைச்சியை விட்டாள்; முள்ளுக்கு அஞ்சி மீனை விட்டாள்; சோற்றைக் குழைத்துச் சொதியூற்றி இரண்டு வாய் உண்டாள்; மற்றை நேரம் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும். சில மாதங்களில் எழுந்து நிற்கவே கையூன்ற வேண்டியதாகின்றது. இவளிடம் போய் உணவைக் குறை என்பது பெருந்தவறு. முதியோரின் உடலுக்குப் புரதம் இளையோரை விடக் குறைவாகவன்றிச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டுமென்பது இன்றைய கருத்து. ஐம்பது கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு ஐம்பது கிராம் புரதம். நூறு கிராம் மீனில் இருபது கிராம் கிடைக்கும்; ஒரு முட்டையில் ஆறு; மீதத்தைப் பருப்பும் தயிரும் ஈடு செய்யும். முள் நீக்கி உதிர்த்த மீனையோ, முள்ளோடு மெல்லக்கூடியதாக வெகுநேரம் அவிந்த சிறுமீனையோ கொடுக்கலாம். பின்னதில் எலும்புக்கு வேண்டிய கல்சியமும் உண்டு. விலையுயர்ந்த மாப்பேணிகளை வாங்கிக் கொடுப்பதே அன்பின் அடையாளமென்று கருதும் வழக்கம் பரவியுள்ளது. கடற்கரையில் வலையிலிருந்து உதறிய கீரிமீன் அந்தப் பேணிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

புரதம் மட்டும் தசையாகிவிடாது. தசைக்கு வேலையும் வேண்டும். சீனத்து முதியோர் பூங்காக்களில் மெல்ல அசைந்து செய்யும் தாய்ச்சி என்னும் பயிற்சி, அவர்கள் தடுமாறி விழுவதைக் குறைக்கின்றதெனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நின்று, குனிந்து, தரையில் தாழ்ந்து, மீண்டும் எழும் தொழுகையும் முதியவரின் மூட்டுக்கும் சமநிலைக்கும் பயன் தருவதே. தொழுகை அதற்காக ஏற்பட்டதன்று என்பது வேறு. முழங்கால் நோவால் பள்ளிவாசலில் கதிரையில் அமர்ந்து தொழுபவர்கள் அதனால் இழக்கும் அசைவை நடையினாலாவது ஈடு செய்ய வேண்டும். ஆண்களுக்குச் சுபஹுக்குப் பின் கடற்கரை இருக்கின்றது. நெருங்கிய வீடுகளும் குறுகிய ஒழுங்கைகளும் கொண்ட ஊரில், பெண்கள் எங்கே நடப்பது என்பதே உண்மையான கேள்வி. உரலும் உலக்கையும் போனபின் அவர்களுக்கு அவற்றின் இடத்தில் எதுவும் வரவில்லை. மகளோ அயற்பெண்களோ துணையாக, வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் நடப்பது உரல் இருந்த காலத்தில் அவசியமாக இருந்ததில்லை, இப்பொழுது அவசியமாகிவிட்டது.

இலங்கைச் சுகாதார அமைச்சு 2011ஆம் ஆண்டு முதல், நோய் வருமுன்னரே சீனியையும் இரத்த அமுக்கத்தையும் சோதிக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்துள்ளது. முப்பத்தைந்து வயதைக் கடந்தவர் எவரும் கட்டணமின்றிச் செல்லலாம். அங்கு வருவோரில் ஆண்கள் குறைவு என்பது தொடர்ந்து காணப்படும் குறை. நோவு இல்லாத உடம்புக்குப் பரிசோதனை எதற்கு என்று அவர்கள் கருதுகின்றனர். தாச்சிங் நகரத்து 577 பேரும் நோவு இல்லாதவர்களே. அவர்கள் அந்தச் சோதனையில் சேர்ந்தபோது சராசரி வயது 45. வாப்பாவைக் கைப்பிடித்துக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, வரிசையில் இடம்பிடித்து, அவருக்காகக் காத்திருக்கும் மகளின் வயதும் ஏறக்குறைய அதுவேயாகும். அவள் உண்பதும் அதே பானைச் சோறு.